வரவு: எழுபத்தெட்டுப் பணம்

கணக்கன் பவித்திரன் சாத்தன் எழுதுவது.
ஓலை மிச்சம் கிடக்கிறது. கேட்க ஆளில்லை.
முடிக்காத கணக்கைக் கயிறு போட்டுக் கட்ட
எனக்குக் கை வராது.

முதலில் நாற்பத்தொரு பேர்.
ஆரல்வாய்மொழிக் கணவாயில்
தாடகை மலையின் நிழல் விழும் பாறைமேல்
இடக்காதுக் கடுக்கனைக் கழற்றி வைத்துச்
சத்தியம் செய்தார்கள்:
நிலம் கொள்வதில்லை,
சுவர் எழுப்புவதில்லை,
கணக்கு வைப்பதில்லை.

மூன்றாவதற்குச் சிரிக்கலாம்.
நான் வந்தது அறுபது வருஷம் கழித்து.

சுவர் கூடாதென்றதற்குக் காரணம் உண்டு.
ஆடிக்காற்று நம் முதுகைத் தள்ளிக்கொண்டு கிழக்கே ஓடும்,
எதிரே வருகிறவன் குளம்பொலியையும்
அவன் வாயிலேயே திணித்துவிடும்.
காது உதவாது. கண் திறந்திருக்க வேண்டும்,
நாற்பத்தொரு ஜோடி, முறைவைத்து.

கண்டன் ஆதிச்சன் காலத்தில் ஒருமுறை வந்தார்கள்.
மணலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு வந்த குதிரைகளை
ஈட்டிமுனையில் ஒரு பகல் முழுக்க நிறுத்தினார்கள்.
அந்த வருஷக் கும்பப்பூ
நாஞ்சில் நாட்டுக் களங்களில் ஒரு மணி குறையாமல் வந்து சேர்ந்தது.
பாறைமேல் இருபத்திரண்டு கடுக்கன்
எடுக்க ஆளில்லாமல் கிடந்தன.

அரசர் நூறு கோட்டை விதைப்பாடு கொடுத்தார்.
ஆதிச்சன் செப்பேட்டைத் தொடவில்லை.
அரசர் கெட்டிக்காரர்,
கணவாய் இயக்கியின் பேருக்கு எழுதிவைத்தார்.
இயக்கிக்கு உழத் தெரியுமா?
பார்த்துக்கொள்ள நாற்பத்தொருவர்.

பார்த்துக்கொண்டார்கள்.
பழையாற்று மடை யாருக்கு எப்போது திறக்குமென்று பார்த்தார்கள்.
கணவாய் வழி போகிற உப்புப்பொதியைப் பார்த்தார்கள்,
பொதிக்கு இவ்வளவென்று.
செத்தவன் இடத்துக்கு அவன் மகன்,
மகனுக்கு அஞ்சு வயசானால்
மாமன் தூக்கி வந்து சத்தியம் செய்விப்பான்,
பிள்ளை கடுக்கனுக்கு அழும்.
கோட்டை நெல்லுக்கு மூன்று மரக்கால் வட்டி என்று
முதன்முதல் எழுதியது இந்தக் கைதான்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன்.
சுவர் கேட்டதும் நான்தான்.
ஓலை பறந்தது, அவ்வளவுதான் காரணம்.
மேற்கே ஒரு சுவர் வைத்தார்கள்.
உள்ளே காற்றில்லாத சுகம் கண்டதும்
கிழக்கேயும் ஒன்று கட்டினார்கள்.

அப்புறம் இரவுக்காவலுக்குக் கூலியாள்.
சேந்தன், பதினாலு வயசு,
நாளுக்கு ஒரு நாழி அரிசி.
அவனுக்குத் தெரிந்த ஒரே சட்டம்
வருகிறவனை நிறுத்து, வாங்கு, விடு.

அன்றிரவு எழுப்பினான்: ஐயா, பெரிய கூட்டம்.
விளக்கோடு போனேன். முழுக்கக் குதிரை.
பொதி ஒன்றுமில்லை.
சேந்தன் நடுவழியில் நின்று
தலைக்குக் கால் பணம் என்றான்.
முன்னால் இருந்தவன் பின்னால் திரும்பி ஏதோ சொன்னான்,
சிரிப்பு வரிசையாய்க் கடைசிவரை போனது.
கொடுத்தார்கள்.
முன்னூற்றுப் பன்னிரண்டு குதிரை.
நான் இரண்டுமுறை எண்ணிப் பார்த்துச்
சரி, போகட்டும் என்றேன்.

எனக்குத் தெரியாது என்று எழுத
எழுத்தாணியை எடுத்தேன்.
ஈட்டி எது, கம்பு எது என்று தெரியாதா எனக்கு?
எண்ணிக்கை பிசகவில்லை என்கிற நிம்மதியில்
போய்ப் படுத்தேன்.

விடியுமுன் தோவாளைப் பக்கம் வைக்கோற்போர்கள் எரிந்தன.
நாற்பத்தொருவர் பூதப்பாண்டியில்
கன்னிப்பூப் பங்கில் தகராறு செய்துகொண்டிருந்தார்கள்.
வாள் பாதி அடகில்.
ஆதிச்சன் பேரன் மட்டும்
கையில் அகப்பட்ட கொழுவோடு ஓடினான்.
எங்கே விழுந்தான் என்று ஓலையில் இல்லை.
அடுத்த மாதம் புதிய செப்பேடு,
இயக்கியின் நிலம் வேறு யாரோ பார்த்துக்கொள்ள.

எழுபத்தெட்டுப் பணம் இந்த மடியில் இருக்கிறது.
வரவு எழுதியாயிற்று,
யார் பேரில் என்ற இடம் காலி.

சேந்தன் கணவாயைவிட்டு நகரவில்லை.
கொள்ளையோடு திரும்பியவர்களையும் நிறுத்தியிருக்கிறான்,
குதிரைக்குக் கால் பணம்,
பொதிக்குத் தனி.

அவனுக்கு
அன்றைக்குரிய நாழி அரிசி
பாக்கி.